ஐந்து நிமிடம் பிடித்து, ஐந்து நிமிடம் விட்டு

இன்றைக்கு விட்டால் இனி இல்லை, நாளைக் காலையில் பொட்டியைச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட வேண்டும், அதற்கப்புறம் தெரிந்துகொள்ள வழியே கிடையாது, பார்ப்பதானால் இன்றைக்கு, இந்த நாற்பது நிமிடத்துக்குள், அவர் மணிக்கட்டை ஒரே ஒரு தடவை பிடித்து... இதை நினைத்துக்கொண்டேதான் சௌந்தரம் புருஷனின் இடது கையில், பிரஷர் பார்க்கிற மாதிரி, பொட்டியின் பட்டையைச் சுற்றினாள். முழங்கைக்கு மேலே இரண்டு விரற்கடை விட்டு, குழாய் உள்பக்கமாக வரும்படி, ரொம்ப இறுக்காமல், தொளதொளவென்றும் விடாமல். நாற்பத்தொரு நாள் பழக்கத்தில் கை அதுபாட்டுக்கு வேலையைச் செய்தது. இன்றைக்கு நாற்பத்திரண்டாம் நாள், கடைசி நாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மூன்றரைக்குத்தான் வீட்டுக்கு வந்தாள், சேலையில் சாம்பார் வாசனைகூடப் போகவில்லை, ஆனாலும் நாலு மணி என்றால் நாலு மணி. கலியமூர்த்தி ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து, முக்காலி மேல் வைத்த தலையணையில் கையை நீட்டி, ஊசி போட்டுக்கொள்ள வந்த பிள்ளையைப் போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். பொட்டி உர்ரென்று உறுமிக் காற்றை ஏற்றியது, பட்டை உப்பியது. ஐந்து நிமிடம் பிடிக்கும், ஐந்து நிமிடம் விடும், மறுபடி பிடிக்கும், மறுபடி விடும், இப்படி நாலு தடவை. முடிந்ததும் கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிடும்.

கையைப் பிடித்தால் நெஞ்சுக்கு நல்லதாம். முதலில் கேட்டபோது அவளுக்குச் சிரிப்புதான் வந்தது, நெஞ்சு எங்கே, கை எங்கே... ஆனால் அவரை வீட்டுக்கு அனுப்பி எட்டு நாள் கழித்து மறுபடி காட்டப் போனபோது, ஆஸ்பத்திரியில் டாக்டர் அறிவுமதி, கடலூரில் வேலை பார்க்கும் தன் மகள் இளமதி வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு, பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகச் சொன்னாள். இதயம் என்பது சதை, அந்தச் சதை பூராவும் சின்னச் சின்ன உயிரணுக்கள், ரத்தம் நின்றுபோனால் அவை ஒவ்வொன்றாகச் சாக ஆரம்பிக்கும், செத்தது செத்ததுதான், தோல் மாதிரி திரும்ப வளராது. அடைப்பை எடுத்து ரத்தத்தைத் திரும்ப விட்டாலும், அதுவரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்ததில் கொஞ்சம், வந்த ரத்தத்தைத் தாங்க முடியாமலே போய்விடும். இந்த ஒன்றைத்தான் சௌந்தரத்தால் மறக்க முடியவில்லை. வராததால் சாவது சரி, வந்ததாலுமா சாகும்? பிறகு யோசித்தால் ஏன் சாகாது, கொள்ளிடத்தில் தண்ணீரை ஒரேயடியாகத் திறந்துவிட்டால் காய்ந்து கிடந்த நாற்றங்கால் என்ன கதியாகும் என்று குமராட்சியில் பிறந்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கைக்குப் போகிற ரத்தத்தைக் கொஞ்சம் நிறுத்திக் கொஞ்சம் விட்டு, மறுபடி நிறுத்தி மறுபடி விட்டால், கையிலிருந்து ஏதோ ஒரு சேதி நெஞ்சுக்குப் போய், மிச்சமிருக்கிற உயிரணுக்கள் தாங்கிக்கொள்ளப் பழகும் என்று ஒரு எண்ணம். எண்ணம்தான், பலன் உண்டா இல்லையா என்று பார்க்கத்தான் இந்த ஆராய்ச்சியே என்றும் அந்தப் பெண் ஒளிக்காமல் சொன்னாள். பாதிப் பேருக்குக் கொடுக்கிற பொட்டி முழுசாகப் பிடிக்கும், பாதிப் பேருக்கு உப்பி மட்டும் காட்டும், எது யாருக்கு என்று தனக்கே தெரியாது என்றும் சொன்னாள். எல்லாம் காதில் விழத்தான் செய்தது. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெண்சாதிக்கு எது காதில் நிற்கும்? நெஞ்சுக்கு நல்லது என்பது மட்டும் நின்றது, அதோடு பொட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

புஸ்ஸென்று காற்று இறங்கியது. முதல் பிடி முடிந்தே போய்விட்டது, அவள் இன்னும் தொடவில்லை. தொடுவதற்கு என்ன, சொந்தப் புருஷன் கைதானே... இல்லை, அப்படி இல்லை. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் சும்மா உட்கார்ந்து இந்தக் கையைப் பிடித்தது எப்போது? மணவறையைச் சுற்றும்போது பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தாள், அதுவும் சுண்டுவிரலை. மறுவாரமே அவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போய்விட்டார். முதலில் லாரி, பிறகு காத்தவராயன் முதலாளியின் மினி பஸ், குமராட்சியிலிருந்து சிதம்பரம், சிதம்பரத்திலிருந்து குமராட்சி, விடியுமுன் போனால் சாப்பாடு ஆறிப்போன பிறகு வருவார். சொந்தத் தாய்மாமன் மகன்தான், பாவாடை கட்டிய காலத்திலிருந்து மாமா மாமா என்று கூப்பிட்டவள்தான், ஆனால் மாமா வீட்டில் உட்கார்ந்து பார்த்ததில்லை. நெஞ்சுவலி வந்த அன்றைக்கும் உட்காரவில்லையே இந்த மனுஷன். ஏழேகால் டிரிப்பில் நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்தாற்போல் இருந்திருக்கிறது, வாய்வு என்று முடிவு கட்டி ஒரு சோடாவைக் குடித்துவிட்டு, வண்டி நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் காய்க்கூடைக்காரிகளும், அவர்களைச் சிதம்பரத்தில் இறக்கி, அங்கே நின்றவர்களை ஏற்றிக்கொண்டு திரும்ப வந்து, மறுபடி ஒரு டிரிப் போய், வண்டியை ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, சாவியைக் கண்டக்டரிடம் கொடுத்து, அதற்கப்புறம்தான் ஆட்டோ. இரண்டரை மணி நேரம். ஏன் உடனே வரவில்லை என்று டாக்டர் பெண் கேட்டாள். டிரிப்பைப் பாதியில் விட்டால் ஜனங்கள் என்ன செய்வார்களாம்! கேட்க வேண்டிய கேள்விதான், நாற்பது பேருக்காகக் கேட்டவர் வீட்டில் இருக்கிற ஒருத்திக்காகக் கேட்கவில்லை.

வெளியே ரோட்டில் அந்த மினி பஸ்ஸே போனது, வீட்டைத் தாண்டும்போது இரண்டு தடவை ஹாரன் அடித்தது. இப்போது ஓட்டுகிற அருண்குமார் தினம் இப்படித்தான் மரியாதை செய்கிறான். கலியமூர்த்தி தலையை ஜன்னல் பக்கம் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார், தேர்டு கியரிலேயே இழுக்கிறான் என்று முனகினார். வரும் திங்கட்கிழமை முதல் இவர் வண்டியை எடுப்பதாகப் பேச்சு. நாளைக்கு எக்கோ எடுத்துப் பார்ப்பார்கள், நெஞ்சு எவ்வளவு பிழைத்திருக்கிறது, எவ்வளவு போயிற்று என்று அதில் தெரியும், அதற்கு முன்னாலேயே முதலாளியிடம் திங்கள் என்று சொல்லிவிட்டாராம். இத்தனை நாள் பொட்டி போட்டாச்சே, இனிமேல் என்ன, என்று போன வாரம் சிரித்தபடி சொன்னவர் இவர்தான். இவளும்தான் தலையாட்டினாள். அப்போது ஆரோக்கியம்மாளைப் பார்த்திருக்கவில்லை.

ஆரோக்கியம்மாள் குறிஞ்சிப்பாடிக்காரி, அவள் புருஷன் தேவசகாயம் ரிட்டயரான வாத்தியார், இதே ஆராய்ச்சியில் இதே மாதிரி ஒரு பொட்டி. மூன்று நாளைக்கு முன் ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்குகிற வரிசையில் பக்கத்தில் நின்றாள். வாத்தியார் மூன்றாவது நிமிடத்திலேயே திட்ட ஆரம்பித்துவிடுகிறாராம், கை மரத்துப் போகிறதாம், விரலெல்லாம் வெளுத்துக் கறுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம், ஜெபம் சொல்லிச் சொல்லித்தான் ஐந்து நிமிடத்தைத் தள்ளுகிறார்களாம். சௌந்தரத்துக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது, எங்கள் வீட்டில் ஒரு முனகல் கிடையாது, மாமா தாங்கிக்கொள்கிற ஆள் என்று. உடனே ஆரோக்கியம்மாள் தன் மணிக்கட்டையே இரண்டு விரலால் தொட்டுக் காட்டினாள். "புடிச்சிருக்கறப்ப இங்க தொட்டுப் பாருங்க, நாடியே இருக்காது. மொத நாளு எனக்குக் குலையே நடுங்கிப் போச்சு." பக்கத்தில் நின்ற நர்சம்மாவும் ஏதோ சொன்னாள், வரிசை நகர்ந்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு அந்த நினைப்பு வந்தது. மாமா தாங்கிக்கொள்கிறாரா... இல்லை, தாங்குவதற்கே அங்கு ஒன்றும் இல்லையா?

உர்... இரண்டாவது பிடி. இனி யோசித்தால் ஆகாது. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, தலையணையைச் சரி செய்கிற சாக்கில் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். எலும்பு தட்டியது, எப்போது இவ்வளவு இளைத்தது இந்தக் கை, ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்த உள்ளங்கை மட்டும் அப்படியே இருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். கை சில்லிட்டிருக்கிறதா என்று பார்த்ததாகச் சொன்னாள். அவர் திரும்பவும் ரோட்டைப் பார்த்தார். அவள் அழுத்திப் பிடித்தாள், மூச்சைப் பிடித்துக்கொண்டாள், முதலில் ஒன்றும் இல்லை, ஒன்றுமே இல்லை, அப்பாடா, இல்லை, நின்றுதான் போயிருக்கிறது, நல்லவேளை... நாடி இல்லை என்று சந்தோஷப்படுகிற பெண்சாதி ஊரிலேயே நான் ஒருத்திதான் இருப்பேன் என்று சிரிப்பு வரப் பார்த்தது. அப்போது டக். விட்டு, டக். பிறகு டக், டக், டக், விடாமல், ஒழுங்காக, பட்டை உப்பியிருக்கும்போதே. அவள் கையை எடுத்துவிட்டாள்.

காற்று இறங்கியது. ஆக, உப்பிக் காட்டுகிற பொட்டி. நாற்பத்திரண்டு நாள் நாலு மணிக்கு ஓடோடி வந்து, அண்டா கழுவுகிற தங்கம்மாளிடம் தினம் தினம் பேச்சு வாங்கிக்கொண்டு, ஒரு நாள் தவறாமல், தம்பி மகள் காதுகுத்துக்குப் பண்ருட்டி போனபோதும் பொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மண்டபத்து அறையில் வைத்துச் சுற்றி... எல்லாம் சும்மாவா? நெஞ்சுக்குள்ளே அந்தச் சின்னச் சின்ன உயிர்கள் எல்லாம் ஒரு சேதியும் வராமலே காத்துக் கிடந்தனவா? யார் மேல் கோபப்படுவது? டாக்டர் பெண் மறைக்கவில்லை, பாதிப் பேருக்கு அப்படித்தான் என்று முகத்துக்கு நேரே சொன்னாள், இவர்தான் கையெழுத்துப் போட்டார், எல்லாம் முறைப்படிதான். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் வாத்தியாருக்கு அது, நமக்கு இது. அதனால் என்ன, அந்த நிஜப் பொட்டிக்கும் பலன் உண்டு என்று யாரும் சத்தியம் செய்யவில்லையே... இளமதியிடம் போனில் சொல்லலாமா? அவள் உடனே கூகுளில் பார்த்து நாலு விஷயம் சொல்வாள், நாலும் பயமாக இருக்கும்.

மூன்றாவது பிடி ஓடிக்கொண்டிருந்தது, அவள் தொடவில்லை, தொட வேண்டியதும் இல்லை. சொல்வதா வேண்டாமா, இப்போது அதுதான் கேள்வி. சொன்னால்? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் இவர் இருந்த இருப்பு அவள் கண்ணில் நின்றது. இடது பக்கம் ஒருக்களிக்க மாட்டார், குனிந்து செருப்புப் போட மாட்டார், தும்மல் வந்தால்கூட நெஞ்சைப் பிடித்துக்கொள்வார், நாற்பது பேரை வைத்துக்கொண்டு கொள்ளிடம் கரையில் வெள்ளத்தில் வண்டி ஓட்டிய ஆள், வாசலில் இருக்கிற டீக்கடை வரைக்கும் நடக்கப் பயந்தார். பொட்டி வந்த பிறகுதான் மெல்ல மெல்ல ஆளானார். இது சும்மா என்று சொன்னால் எல்லாம் மறுபடி பழையபடி ஆகிவிடும், நாளைக்கு எக்கோ எடுக்கிற கட்டிலில் நடுங்கிக்கொண்டு படுப்பார். சொல்லாவிட்டால்? இந்த நெஞ்சை நம்பித் திங்கட்கிழமை வண்டியை எடுப்பார், பின்னால் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும், மறுபடி ஒரு கல் நெஞ்சில் ஏறும், மறுபடி வாய்வு என்பார், டிரிப்பை முடித்துவிட்டு வருகிறேன் என்பார்... சௌந்தரத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. வேண்டும் இந்த மனுஷன். அவ்வளவுதான் விஷயம். முப்பத்தொரு வருஷம் ஹாரன் சத்தமாகவும் எச்சில் தட்டாகவும் மட்டும் வீட்டில் இருந்தவர், இந்த ஆறு வாரமாகத் தினம் நாற்பது நிமிடம் நகர முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முட்டை உரிக்கிற அழகைக் கேட்டு, தங்கம்மாளின் மருமகள் சண்டையைக் கேட்டு, நடுவில் தன் சின்ன வயசுக் கதை ஒன்றிரண்டும் சொல்லி... இத்தனை வயசுக்கு மேல் கிடைத்ததை எப்படித் தாங்குவது என்று தெரியவில்லை அவளுக்கு. இல்லாத காலத்தில்கூட இப்படி வலித்ததில்லை.

மூன்றாவது பிடியும் விட்டு, அதற்கான ஐந்து நிமிடமும் போனது. அதில் அவர் தண்ணீர் கேட்டார், கொடுத்தாள், குடித்தார். உர்ரென்று நாலாவது ஆரம்பித்தது. கடைசி. பொட்டி உறுமுகிற சத்தம்கூட இன்றைக்கு ஒரு மாதிரி சொந்தக்காரக் குரலாகத்தான் கேட்டது. அவளையறியாமல் கை போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தது. இந்தத் தடவை தலையணையும் இல்லை, சாக்கும் இல்லை.

"நிக்காது புள்ள" என்றார் கலியமூர்த்தி, ரோட்டைப் பார்த்தபடியே.

"என்னா மாமா?"

"நாடி. அது நிக்காது. இது சும்மாப் பொட்டி."

எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள். அவர் சிரித்தார், பல் தெரியாத அந்தச் சின்னச் சிரிப்பு. "கட்டையால தட்டிப் பாத்தே டயர்ல காத்து எவ்ளோ இருக்குன்னு சொல்றவன் நான். என் கையில ஏறுன காத்து எனக்குத் தெரியாதா? நர்சம்மா பிரஷர் பாக்கறப்ப புடிக்குமே, அதுல கால்வாசிகூட இது புடிக்கல. மொத நாளே தெரியும்."

முதல் நாளே. நாற்பத்திரண்டு நாளும் தெரிந்துகொண்டே ஜன்னலோரம் கையை நீட்டிக்கொண்டு... அப்படியானால் திங்கட்கிழமை? அவள் முழுசாகக் கேட்டு முடிக்கவில்லை, அவரே சொன்னார், வண்டி எடுக்கவில்லை, காலையிலேயே காத்தவராயனுக்குப் போன் போட்டாயிற்று, எக்கோவைப் பார்த்துவிட்டு டாக்டர் பெண் என்ன சொல்கிறாளோ அதுதான் என்று. போன வாரம் சிரித்துக்கொண்டே திங்கட்கிழமை என்றதெல்லாம் தன் முகம் தெளியட்டும் என்று சொன்னதா? அவளுக்குச் சட்டென்று கோபம் வந்தது, ஊசி குத்தினாற்போல, இத்தனை நாள் என்னை முட்டாளாக்கி... "அப்பறம் ஏன் மாமா எங்கிட்ட சொல்லல?"

தலையணையில் கிடந்த அவர் விரல்கள் ஒரு தடவை மடங்கி நீண்டன.

"ஆசுபத்திரிலேர்ந்து வந்து எட்டு நாளு, நீ என் மூக்குல வெரல வச்சிப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்த. இந்தப் பொட்டி வந்த அன்னிக்குத்தான் தூங்குன."

அந்த எட்டு நாளும் இவர் தூங்குவதாக நினைத்தாளே, கண்ணை மூடிக்கொண்டு மூச்சை ஒழுங்காக விட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார், மூக்கில் விரல் வைத்தவளுக்காக... விரலடியில் டக் டக்கென்று ஓடிக்கொண்டிருந்தது, முன்னைவிட வேகமாக. அப்போதுதான் அவளுக்கு வரிசையில் நின்ற நர்சம்மா சொன்னது திரும்ப ஞாபகத்தில் வந்தது, பாதி காதில் விழுந்து எங்கோ கிடந்தது. "பெருவெரலால பாக்காதீங்கம்மா, அதுக்குள்ளயே ஒரு துடிப்பு இருக்கும், ஒங்க நாடிதான் ஒங்களுக்குத் தெரியும்." குனிந்து பார்த்தாள். அவர் மணிக்கட்டில் அழுத்திப் பதிந்திருந்தது தன் பெருவிரல்தான். முன்பு பிடித்தபோதும் இதே விரல்தான். அப்படியானால் இந்தத் துடிப்பு யாருடையது? பட்டைக்குக் கீழே நிஜமாகவே ஒன்றும் இல்லையோ, டயர் வேறு கை வேறு, இவருக்கு மட்டும் என்ன தெரியும், வாத்தியார் கத்துகிற வலியை இவர் வலி என்றே எண்ணாமல் இருந்திருந்தால், வாய்வு என்று சொன்ன ஆள்தானே... பொட்டியில் இன்னும் இரண்டு நிமிடம் மிச்சம் என்று காட்டியது. பெருவிரலை எடுத்துவிட்டு, ஆரோக்கியம்மாள் காட்டிய மாதிரி இரண்டு விரலை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வெளியே மினி பஸ் சிதம்பரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது, இரண்டு ஹாரன். நாளைக்கு இந்த நேரம் என்ன செய்வது என்று கலியமூர்த்தி கேட்டார், அவளிடமா தன்னிடமா என்று தெரியவில்லை. பொட்டியில் எண் ஒன்றுக்கு வந்தது. அவள் விரலை மாற்றவில்லை.